பழைய 120 நெகட்டிவ்: ஸ்கேன் சரியாக வரவில்லையா? கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள்!

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த கையோடு ஒரு ஸ்கேனரும் வந்துவிட்டால், பலரும் முதலில் செய்யும் வேலை ஆல்பத்தில் இருக்கும் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்வதுதான். பிரிண்ட்டைக் கண்ணாடி மேல் குப்புற வைத்து, மூடியை மூடி, பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. நெகட்டிவ் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. அதிலும் பீரோவின் அடித்தட்டில் மஞ்சள் கவரில் இருக்கும் பெரிய சதுர நெகட்டிவ் என்றால் கோடு விழும், வளையம் விழும், முகம் மங்கும். சில நேரம் படமே வராது. உடனே நாம் ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். பெரும்பாலும் ஸ்கேனர் மேல் தவறு இருக்காது.

அந்தப் பெரிய நெகட்டிவ்தான் 120 பிலிம். போட்டோக்காரர்கள் இதை மீடியம் பார்மட் என்பார்கள். அகலம் ஏறக்குறைய 6 செ.மீ. நம் ஊரில் 35 மி.மீ. பிலிம் பரவலாகும் வரை ஸ்டூடியோக்காரர்கள் கல்யாண வீட்டுக்குக் கழுத்தில் தொங்கவிட்டு வந்த யாஷிகா மேட், ரோலிகார்ட் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்கள் எல்லாம் இந்தப் பிலிமில்தான் படம் எடுத்தன. பரோடாவில் தயாரான ஆக்ஃபா க்ளிக் 3 கேமராவும் இதே பிலிம்தான். ஒரு ரோலில் 12 சதுரப் படங்கள் கிடைக்கும். ஊட்டியில் 1960ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' கருப்பு வெள்ளை பிலிம் உங்கள் வீட்டுக் கவரிலும் இருக்கலாம். பிலிமின் ஓரத்தில் எழுதியிருக்கும். பாருங்கள்.

ஆல்பத்தில் பிரிண்ட் இருக்கும்போது நெகட்டிவ் எதற்கு என்று கேட்கலாம். சதுரமான படத்தை நீளவாக்கில் பிரிண்ட் போடும்போது ஸ்டூடியோவில் ஓரங்களை வெட்டிவிடுவார்கள். அந்த ஓரத்தில் நின்றவர்கள் நெகட்டிவில் மட்டும்தான் இருப்பார்கள். போதாததற்கு ஆல்பத்தில் இருக்கும் படத்தை யாராவது உரித்துக்கொண்டு போயிருப்பார்கள். எனவே நம் கையில் இருப்பது ஒரே பிரதி. அதில் கீறல் விழுந்தால் அதற்கு 'அன்டூ' கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோம்.

உங்கள் ஸ்கேனரால் முடியுமா?

சாதாரண ஸ்கேனர் கீழிருந்து வெளிச்சம் அடித்து, பேப்பரில் பட்டுத் திரும்பி வரும் ஒளியைப் படிக்கிறது. நெகட்டிவுக்கு ஒளி மேலிருந்து வந்து பிலிமுக்குள் ஊடுருவ வேண்டும். அதற்கு ஸ்கேனரின் மூடியிலும் ஒரு விளக்கு இருக்க வேண்டும். பிரிண்டரும் ஸ்கேனரும் சேர்ந்து வரும் ஆல் இன் ஒன் மெஷின்களில் பொதுவாக இது இருப்பதில்லை. தட்டையான, எடை குறைந்த ஸ்கேனர்கள் பலவற்றில் இருப்பது சிஐஎஸ் என்ற சென்சார். கண்ணாடியை ஒட்டியிருக்கும் பொருள்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டர் மேலே போனாலும் மங்கிவிடும். பிலிமுக்கு அது ஒத்துவராது.

மூடியில் விளக்கு இருந்தாலும் அதன் அகலத்தைப் பாருங்கள். சில ஸ்கேனர்களில் அது 35 மி.மீ. பட்டைக்கு மட்டும்தான் போதும். எப்சன் வி600 (2009ல் வந்தது), வி700 (2006), வி800, வி850 (2014), கேனான் 9000எஃப் (2010) போன்றவை 120 பிலிமை எடுத்துக்கொள்ளும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஸ்கேனரோடு 120 பிலிமுக்கான ஹோல்டரும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஹோல்டர் இல்லாத ஸ்கேனரைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டுப் பிறகு ஹோல்டரைத் தேடி அலைவது பெரிய தலைவலி.

படமே வரவில்லை என்றால்

பிரிவியூ முழுவதும் கருப்பாகவோ வெறும் வெள்ளையாகவோ வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, மூடியின் உட்பக்கம் இருக்கும் வெள்ளை அட்டை. பேப்பர் ஸ்கேன் செய்வதற்காக வைத்தது அது. அதை மெதுவாக இழுத்துக் கழற்றினால்தான் உள்ளே இருக்கும் விளக்கு வெளியே தெரியும். புதிதாக வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். இரண்டு, மூடியிலிருந்து வரும் தனி ஒயர். ஸ்கேனரின் பின்பக்கம் அது சரியாகச் செருகியிருக்க வேண்டும். மூன்று, சாப்ட்வேர். விண்டோஸோடு வரும் 'விண்டோஸ் பேக்ஸ் அண்ட் ஸ்கேன்' புரோகிராமில் பிலிமுக்கான வசதி தெரியவில்லை என்று ஸ்கேனரைக் குறை சொல்லாதீர்கள். ஸ்கேனர் தயாரித்த கம்பெனியின் சாப்ட்வேரை அவர்களின் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். பழைய மாடலுக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் இல்லை என்றால் வியூஸ்கேன் என்ற புரோகிராம் கைகொடுக்கும். அதை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். முதலில் இலவச டிரையலில் உங்கள் ஸ்கேனர் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்சன் ஸ்கேன் சாப்ட்வேரில் 'புரொபஷனல் மோட்' தேர்வு செய்து, 'டாக்குமெண்ட் டைப்' என்ற இடத்தில் 'பிலிம்' என்று கொடுக்க வேண்டும். அதன் கீழே பிலிமின் வகை கேட்கும். கருப்பு வெள்ளை நெகட்டிவா, கலர் நெகட்டிவா, ஸ்லைடா என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். கலர் நெகட்டிவுக்கு இயல்பாகவே ஓர் ஆரஞ்சு நிறப் பூச்சு உண்டு. வகையை மாற்றிக் கொடுத்தால் படம் முழுவதும் ஆரஞ்சாகவோ நீலமாகவோ வந்து நிற்கும். பிலிம் கெட்டுப்போனது போலத் தோன்றும். கெட்டிருக்காது.

திருப்பி வைத்துப் பாருங்கள்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நாங்கள் ஆபீசில் ஒரு புரோகிராமில் பிழை வந்தால் உடனே கோடில் கை வைக்கமாட்டோம். பிழை எந்தப் பகுதியில் இருக்கிறது என்று முதலில் ஒதுக்கிப் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுவோம். பத்து செட்டிங்கை ஒரே சமயத்தில் மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. ஸ்கேனருக்கும் இதுதான் வழி.

ஸ்கேன் செய்த படத்தில் ஏதாவது குறை தெரிந்தால், செட்டிங் எதையும் தொடாமல், நெகட்டிவை மட்டும் 180 டிகிரி சுற்றி வையுங்கள். அதாவது தலைப்பக்கம் இருந்தது கால்பக்கம் வரட்டும். புரட்ட வேண்டாம், சுற்றினால் போதும். மறுபடி அதே அளவில் ஸ்கேன் செய்யுங்கள். குறை படத்தோடு சேர்ந்து சுற்றினால் அது பிலிமில் இருக்கிறது. படம் சுற்றியும் குறை திரையில் அதே இடத்தில் நின்றால் அது ஸ்கேனரில் இருக்கிறது. பிலிமை எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் குறையின் வடிவமே மாறினால், பிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிறது. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் நெகட்டிவைத் துணியால் துடைக்க ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

நேர்கோடு விழுகிறது

எங்கள் பெரியம்மாவின் 1971ஆம் வருடக் கல்யாண நெகட்டிவ்களை ஸ்கேன் செய்தபோது நடந்தது இது. மணமேடைக்குப் பின்னால் தாத்தா நிற்கும் படம் ஒன்று. அதன் பிரிண்ட் எங்கள் யார் வீட்டிலும் இல்லை. ஸ்கேன் செய்தால் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு, சரியாகத் தாத்தாவின் முகத்தின் மேல். பிலிம் கீறிப்போய்விட்டது என்று பெரியம்மா வருத்தப்பட்டார். நெகட்டிவைச் சுற்றி வைத்து மறுபடி ஸ்கேன் செய்தேன். தாத்தா இடம் மாறினார், கோடு மாறவில்லை. பிலிமில் கீறலே இல்லை.

காரணம் இதுதான். ஒவ்வொரு முறை ஸ்கேன் தொடங்கும் முன்பும் ஸ்கேனர் தன் விளக்கின் வெளிச்சத்தை அளந்துகொள்கிறது. இதற்குக் காலிபரேஷன் என்று பெயர். பிலிம் ஹோல்டரின் ஒரு முனையில், பிலிம் வைக்கும் இடத்துக்கு வெளியே, காலியாக ஒரு சின்னத் திறப்பு இருக்கும். அந்தத் திறப்பின் வழியாகத்தான் இந்த அளவீடு நடக்கிறது. அந்த இடத்தில் கண்ணாடி மேல் ஒரே ஒரு தூசி இருந்தாலும், சென்சாரில் அதற்கு நேராக இருக்கும் புள்ளி தன் அளவைத் தவறாகக் கணக்கிட்டுக்கொள்ளும். பிறகு ஸ்கேனிங் தலை நகரும்போது அந்தத் தவறு முழு நீளத்துக்கும் இழுபடும். அதனால்தான் ஒரு புள்ளித் தூசி ஒரு நீளக் கோடாக மாறுகிறது. படம் இருக்கும் இடத்தை எவ்வளவு துடைத்தாலும் கோடு போகாது. துடைக்க வேண்டியது அந்தத் திறப்புக்கு நேர் கீழே உள்ள கண்ணாடியையும், மூடியின் விளக்குப் பகுதியில் அதற்கு நேரே உள்ள இடத்தையும்தான்.

துடைக்கும் முறையும் முக்கியம். ஸ்கேனர் மேல் திரவத்தை நேரடியாகத் தெளிக்காதீர்கள். ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். மூக்குக் கண்ணாடி துடைக்கும் மைக்ரோ பைபர் துணியைச் சற்றே ஈரமாக்கித் துடைத்தால் போதும். நாளடைவில் கண்ணாடியின் உட்பக்கத்திலும் புகை படிந்தது போல ஒரு மங்கல் படியும். அதற்காக நீங்களே ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம். சர்வீஸ் ஆளிடம் விடுங்கள்.

கோடு படத்தோடு சேர்ந்து சுற்றினால் அது உண்மையான கீறல்தான். கேமராவுக்குள் பிலிம் நகரும்போது விழுந்திருக்கும். அதை ஸ்கேன் செய்த பிறகு போட்டோஷாப்பிலோ இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலோ குளோன் டூலைக் கொண்டு சரி செய்யலாம்.

வளையம் வளையமாகத் தெரிகிறது

தண்ணீரில் எண்ணெய் சிந்தியது போல வளைவு வளைவாகக் கோடுகள். கலர் ஸ்கேனில் வானவில் நிறத்திலும், கருப்பு வெள்ளையில் சாம்பல் நிறத்திலும் இருக்கும். இவற்றுக்கு நியூட்டன் வளையங்கள் என்று பெயர். புவியீர்ப்பு நியூட்டனேதான். பிலிமின் பளபளப்பான பக்கம் கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது, நடுவில் உள்ள மெல்லிய காற்றுப் படலத்தில் ஒளி இரண்டு முறை பிரதிபலித்து ஒன்றோடொன்று மோதுவதால் வருவது. பிலிமை எடுத்து வைத்தால் வளையத்தின் வடிவம் மாறும். பூஞ்சைக் கறை என்றால் மாறாது.

35 மி.மீ. பிலிமில் இது அவ்வளவாக வராது. 120 பிலிம் அகலமானது. ஹோல்டர் அதன் இரண்டு ஓரங்களை மட்டும்தான் பிடிக்கும். நடுப்பகுதி தொட்டில் போலத் தொங்கி, கண்ணாடியை நோக்கி இறங்கிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் இது இன்னும் மோசம். சுருண்ட பிலிமை அதன் கவரோடு சுத்தமான இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். வெயிலில் வைப்பது, இஸ்திரிப் பெட்டி போடுவது எல்லாம் கூடவே கூடாது. சிரிக்காதீர்கள். இஸ்திரி போட யோசித்தவர்களை எனக்குத் தெரியும்.

அதன் பிறகும் வளையம் வந்தால் பிலிமைப் புரட்டிப் போடுங்கள். பிலிமுக்குப் பளபளப்பான பக்கம் ஒன்று, மங்கலான பக்கம் ஒன்று உண்டு. மங்கலான பக்கம்தான் படம் இருக்கும் எமல்ஷன். அந்தப் பக்கம் கீழே பார்த்தால் வளையம் வருவது வெகுவாகக் குறையும். ஆனால் படம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி வரும். ஸ்கேன் சாப்ட்வேரில் 'மிரர்' என்ற வசதியை டிக் செய்தால் நேராகிவிடும். படம் நேராக இருக்கிறதா என்பதைக் கடைப் பலகை எழுத்தைப் பார்த்தோ, சட்டைப் பை இடது மார்பில் இருப்பதைப் பார்த்தோ தெரிந்துகொள்ளலாம். சேலைத் தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். மடிசார் கட்டு சிலர் வீட்டில் வலது தோளுக்கும் போகும்.

இதற்கென்றே லேசாகச் சொரசொரப்பாக்கிய ஆன்டி நியூட்டன் கண்ணாடி தனியாகக் கிடைக்கிறது. பிலிமின் மேல் இதை வைத்து அழுத்தினால் பிலிமும் தட்டையாகும், வளையமும் வராது. வி800, வி850 ஹோல்டர்களில் இப்படிப்பட்ட தகடு கூடவே வரும். நிறைய நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் வாங்கலாம். ஐந்தாறு படங்களுக்காக வாங்க வேண்டியதில்லை.

முகம் மங்கலாக இருக்கிறது

மங்கல் என்றால் மூன்று விதம். படத்தை 100 சதவீத அளவில் திரையில் திறந்து, முகத்தைப் பார்க்காமல் தூசியையும் கீறலையும் பாருங்கள். பிலிமின் மேல் உள்ள கீறல் கூர்மையாகத் தெரிந்து, முகம் மட்டும் மங்கலாக இருந்தால், போட்டோ எடுத்தபோதே கேமரா ஆடிவிட்டது அல்லது போகஸ் தவறிவிட்டது. ஸ்கேனரை விட்டுவிடுங்கள். கண்ணாடி மேல் இருக்கும் தூசி கூர்மையாகவும், பிலிமில் இருப்பதெல்லாம் மங்கலாகவும் தெரிந்தால், ஸ்கேனரின் பார்வை பிலிமின் உயரத்தில் இல்லை. படத்தின் நடுவும் ஓரமும் வேறு வேறு விதமாகத் தெரிந்தால் பிலிம் வளைந்திருக்கிறது.

வீட்டு ஸ்கேனர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கேமரா போலத் தானே போகஸ் செய்துகொள்ளும் வசதி இல்லை. கண்ணாடியிலிருந்து ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். அந்த உயரத்தில் பிலிமை நிறுத்துவதுதான் ஹோல்டரின் வேலை. ஹோல்டர் தயாரிப்பில் சிறு வித்தியாசம் இருந்தாலும் படம் மங்கும். வி700 ஹோல்டரில் உயரத்தை மாற்றிக்கொள்ளச் சிறிய கால்கள் உண்டு. உங்கள் ஹோல்டரில் அது இல்லையா? சாதாரண ஏ4 தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. அதைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஹோல்டரின் நான்கு மூலைக்கு அடியிலும் ஐந்தைந்து துண்டு வையுங்கள். உயரம் அரை மில்லிமீட்டர் கூடும். ஸ்கேன் செய்யுங்கள். பிறகு பத்து, பதினைந்து என்று கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பைலின் பெயரிலேயே தாள் எண்ணிக்கையை எழுதி வைத்தால் குழப்பம் வராது. எந்த எண்ணிக்கையில் கீறல்கள் மிகக் கூர்மையாகத் தெரிகின்றனவோ அதுவே உங்கள் ஸ்கேனரின் சரியான உயரம். ஒரு முறை கண்டுபிடித்தால் போதும், அந்தக் கனத்துக்கு அட்டை வெட்டி ஒட்டிவிடலாம்.

வி700 வரிசை ஸ்கேனர்களில் இன்னொரு சங்கதி. அதில் இரண்டு லென்ஸ்கள் இருக்கின்றன. ஒன்று ஹோல்டரில் உயர்த்தி வைத்த பிலிமுக்கு, மற்றது கண்ணாடி மேல் நேராக வைத்ததற்கு. சாப்ட்வேரில் 'பிலிம் வித் பிலிம் ஹோல்டர்' என்பதற்குப் பதிலாக 'பிலிம் வித் பிலிம் ஏரியா கைடு' என்று தேர்வு செய்துவிட்டால் லென்ஸ் மாறிப்போகும். எல்லாம் மங்கும்.

ஸ்டூடியோவில் தனித்தனியாக வெட்டிக் கொடுத்த நெகட்டிவ்

நம் ஊர் ஸ்டூடியோக்கள் பலவற்றில் 120 பிலிமை ஒவ்வொரு படமாக வெட்டி, தனித்தனி பட்டர் பேப்பர் கவரில் போட்டுத் தருவார்கள். ஹோல்டரோ நீளப் பட்டைக்காகச் செய்தது. ஒற்றைச் சதுரம் அதில் நிற்காமல் நழுவும். இதற்குக் கருப்பு சார்ட் அட்டையில் ஒரு சட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். படத்தின் உண்மையான அளவு 56 மி.மீ. சதுரம். ஜன்னலை அதைவிட ஒரு மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டி, நெகட்டிவின் வெற்று ஓரங்கள் அட்டையில் உட்காரும்படி வையுங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பசை பிலிமை விட்டுப் போகவே போகாது. அட்டையால் இன்னொரு நன்மையும் உண்டு. பிலிமைச் சுற்றியுள்ள காலி இடத்தின் வழியாக வெளிச்சம் கசிந்து படத்தின் ஓரங்களை வெளிறச் செய்வது நிற்கும். ஆனால் காலிபரேஷன் திறப்பை மட்டும் அட்டை மறைக்கவே கூடாது.

இந்த ஸ்டூடியோ நெகட்டிவ்களில் முகத்தின் மேல் மெல்லிய சாம்பல் நிறக் கோடுகள் நெருக்கமாகத் தெரிந்தால் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். அது டச்சிங். அந்தக் காலத்தில் கூர்மையான பென்சிலால் எமல்ஷன் மேல் வரைந்து, முகத்தில் உள்ள பருவையும் சுருக்கத்தையும் மறைப்பார்கள். சில இடங்களில் சிவப்புச் சாயமும் பூசியிருப்பார்கள். இன்று போட்டோஷாப்பில் நாம் செய்வதை அவர்கள் லென்ஸ் வைத்துக்கொண்டு கையால் செய்தார்கள். துடைத்தால் அந்த உழைப்பும் போகும், எமல்ஷனும் கீறும். தூசியை ரப்பர் பல்ப் போல இருக்கும் ஏர் புளோயரால் ஊதி அகற்றுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிலிமை எப்போதும் ஓரத்தில் மட்டுமே பிடியுங்கள்.

தூசியை நீக்கும் ஐ.சி.இ. எதிரியாகும் இடம்

'டிஜிட்டல் ஐசிஇ' என்ற வசதியை விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். சாதாரண ஸ்கேனோடு அகச்சிவப்பு ஒளியில் இன்னொரு ஸ்கேன் எடுக்கும். கலர் பிலிமின் சாயங்கள் வழியே அகச்சிவப்பு ஒளி தாராளமாகப் போகும், தூசி மட்டும் தடுக்கும். எனவே தடுக்கப்பட்ட இடமெல்லாம் தூசி என்று கணக்கிட்டு சாப்ட்வேர் அதை நிரப்பிவிடும். அருமையான ஐடியா. ஆனால் கருப்பு வெள்ளை பிலிமில் படமாக இருப்பதே வெள்ளித் துகள்கள். வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுக்கும். ஆகவே படத்தையே தூசி என்று எண்ணிக் கண், மூக்கு, புருவம் எல்லாவற்றையும் மெழுகு போலத் தேய்த்துவிடும். பழைய கருப்பு வெள்ளை நெகட்டிவ் என்றால் இந்த வசதியை முதலில் அணையுங்கள். கலர் நெகட்டிவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

பிரேம் தவறாக வெட்டுப்படுகிறது

ஒரு படத்தில் பாதியும் அடுத்த படத்தில் பாதியுமாக வந்தால் சாப்ட்வேர் தானாகவே பிரேம்களைத் தேடுகிறது என்று அர்த்தம். பின்பக்கச் சிவப்பு ஜன்னலில் எண்ணைப் பார்த்து கையால் சுற்றிய கேமராக்களில் படங்களுக்கு நடுவே இடைவெளி சமமாக இருக்காது. இரவில் எடுத்த படத்தில் ஓரம் எது, படம் எது என்றே சாப்ட்வேருக்குத் தெரியாது. எப்சன் ஸ்கேனில் 'பிரிவியூ' பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள 'தம்ப்நெய்ல்' டிக்கை எடுத்துவிட்டு மறுபடி பிரிவியூ பாருங்கள். ஹோல்டர் முழுவதும் தெரியும். மவுஸால் நீங்களே சதுரம் வரையலாம். சதுரத்தைப் படத்தின் ஓரத்துக்குச் சற்று உள்ளேயே வரையுங்கள். பிலிமின் வெற்று ஓரமும் சேர்ந்துவிட்டால் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைத் தப்பாக நிர்ணயித்துவிடும். படம் வெளிறிப்போகப் பல நேரம் இதுவே காரணம்.

6400 டிபிஐ வேண்டுமா?

பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருப்பதால் அதிலேயே வைத்து, கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறது என்பவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்கு. 56 மி.மீ. என்றால் 2.2 அங்குலம். 6400 டிபிஐயில் ஒரு பக்கம் சுமார் 14,100 பிக்சல்கள். மொத்தம் ஏறக்குறைய 20 கோடி பிக்சல்கள். 48 பிட் கலரில் ஒரே படம் 1.2 ஜிபி வரும்! உண்மையில் இந்த வகை ஸ்கேனர்களின் லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கம் மாடலைப் பொறுத்துச் சுமார் 1,500 முதல் 2,300 டிபிஐ வரைதான். அதற்கு மேல் வருவதெல்லாம் வெறும் பைல் கனம். 2400 வைத்தால் ஒரு பக்கம் சுமார் 5,300 பிக்சல், மொத்தம் 2 கோடியே 80 லட்சம். 16 பிட் கருப்பு வெள்ளையில் 56 எம்பி. 300 டிபிஐயில் பிரிண்ட் போட்டால் பதினேழரை அங்குலச் சதுரம். கூடத்தில் மாட்ட அது போதாதா?

ஸ்கேன் நடுவழியில் நின்றுபோனால் யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து, கேபிளைக் கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். அடுத்து கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை 'டிசேபிள்ட்' ஆக்குங்கள். சில லேப்டாப்களில் இந்த வரி தெரியாது. அங்கே கேபிளை மாற்றிப் பார்ப்பதே முதல் வேலை.

எதைத் தொடவே கூடாது

கவரைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிமின் அசிடேட் அடிப்பாகமே சிதையத் தொடங்கிவிட்டது. அவற்றை மற்ற நெகட்டிவ்களிலிருந்து உடனே பிரித்து வைத்து, முதலில் அவற்றையே ஸ்கேன் செய்யுங்கள். காத்திருந்தால் சுருங்கி நொறுங்கும். பஞ்சு போலவோ சிலந்திவலை போலவோ பூஞ்சை இருந்தால் தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து, படம் அப்படியே வழிந்துவிடும். பட்டர் பேப்பரோடு ஒட்டிப்போனதை இழுத்துப் பிரிக்க முயலாதீர்கள். ஒட்டியபடியே ஸ்கேன் செய்து, கிடைத்த அளவுக்குப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பைலை முதலில் டிஃப் ஆகச் சேமியுங்கள். திருத்தும் வேலை, சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் வேலை எல்லாம் அதிலிருந்து எடுத்த ஜேபெக் பிரதியில் செய்யுங்கள். டிஃப் பைல் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வெளியே வைக்கும் டிஸ்கில் ஒன்று என இரண்டு இடத்தில் இருக்கட்டும். நெகட்டிவைப் புதிய பேப்பர் கவரில் போடும் முன், வெறும் கவரின் மேல் பென்சிலால் பைலின் எண்ணை எழுதிவிடுங்கள். பிலிமை உள்ளே வைத்த பிறகு எழுதினால் அழுத்தம் எமல்ஷனில் பதியும். அந்தப் படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அதையும் அதே கவரில் எழுதிக்கொள்ளுங்கள். இதை ஸ்கேன் செய்யும் அன்றைக்கே, மானிட்டர் முன்னால் அவர்களை உட்கார வைத்துக்கொண்டு செய்வது நல்லது.